"சார், வெரசாப் பேசுறீங்க"



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைச் சகித்துக்கொண்டவர்கள், இன்னும் ஒரு பத்து நிமிஷம் சகித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். ஏனென்றால் இது அவசரத்தைப் பற்றிய பதிவு.

போன வாரம் ஒரு விசேஷத்துக்காகச் சின்னமனூர் போயிருந்தேன். அங்கே என்னிடம் படித்த ஒருவரின் மகளைப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பந்தலில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் கணக்குப் பாடம் பார்க்கிறாள். எட்டிப் பார்த்தேன். திரையில் பாடம் நடத்துகிறவரின் கை, கரும்பலகையில் எறும்பு ஓடுகிற மாதிரி ஓடுகிறது.

"என்ன தாயி, இம்புட்டு வேகமா ஓடுது?"

"டூ எக்ஸ்ல வச்சிருக்கேன் தாத்தா. அப்பாதான் வைக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல ரெண்டு பாடம் முடிச்சிரலாம்."

"முடிஞ்சுச்சா? புரிஞ்சுச்சா?"

பிள்ளை சிரித்துக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் சிரித்தார். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. தம்பி, இதைப் படிக்கிறபோது உனக்கே தெரியும். கோபப்படாதே. உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. உன்னை இப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவின் வேகத்தைக் கூட்ட எல்லோரும் கற்றுக்கொண்டோம். குறைக்க யாரும் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டுவதைக் கெட்டிக்காரத்தனம் என்றும், குறைப்பதை மட்டித்தனம் என்றும் நினைக்கிறோம். இது தப்பு. பிள்ளைகளுக்குப் பாடத்தை மெதுவாக்கிக் கொடுக்கத் தெரிவது, இந்தக் காலத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கற்க வேண்டிய வேலை. அறுபது வயதுக்கு மேல் நானே கற்றுக்கொண்டேன் என்றால், உங்களால் முடியாதா?

எப்படிக் கற்றேன் என்ற கதையைச் சொல்கிறேன்.

2018இல் நான் ஓய்வு பெற்றேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கும் மேல். இரண்டாம் வகுப்பில் வெளியே வந்த பிள்ளை நாலாம் வகுப்பில்தான் உள்ளே போனது.

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நியூட்ரினோ ஒன்றுதான். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுகிற துகளைப் பிடித்துப் பார்க்க, நம் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைப்பது என்று திட்டம் போட்டார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு நம் வீட்டுத் திண்ணைகளிலேயே பல வருஷம் நடந்தது. அந்தப் பேச்சுக்கு நான் இப்போது போகவில்லை. அவ்வளவு வேகமான துகளைத் தேடி வந்த ஊரில், அந்த ஒன்றரை வருஷம் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் கணக்குப் போய்ச் சேரவில்லை. அது எனக்கு உறுத்தியது.

கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கியது, அந்தச் சமயத்தில் பெரிய உதவி. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொலைக்காட்சி யாருக்காகவும் நிற்காது. புரியாத பிள்ளை கையைத் தூக்கினாலும் அதற்குத் தெரியாது. அதனால் நானே நம் தெருப் பிள்ளைகளுக்காகப் பாடம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று இறங்கினேன். வீட்டுச் சுவரில் ஒரு பழைய கரும்பலகை. எதிரே ஸ்டூலின் மேல் ஸ்டூல், அதன் மேல் துணிக்கிளிப்பு மாட்டிய போன். இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு, வகுத்தல் என்று மொத்தம் 26 பாடம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிஷம்.

எனக்கு ஒரே பெருமை. வாத்தியார் யூடியூப்காரர் ஆகிவிட்டார் என்று வீட்டில் கேலி வேறு.

இரண்டு வாரம் கழித்து, கடைக்குப் போகிற வழியில் ஒரு பிள்ளையைப் பார்த்தேன். நாலாம் வகுப்பு. "வீடியோ பாத்தியாம்மா?" என்றேன். பாத்தேன் என்று தலையை ஆட்டினாள். "கணக்குப் போட்டியா?" தலை ஆடவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்து, மெதுவாகச் சொன்னாள்:

"சார், வெரசாப் பேசுறீங்க."

அவள் வீட்டில் ஒரே ஒரு டச் போன், அதுவும் அப்பாவிடம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓடாத நாட்களில் போன் வீட்டில் இருந்தது. வேலை மறுபடி தொடங்கியதும் போனும் விடிகாலையில் மலை ஏறிவிடும், பொழுது சாய்ந்துதான் இறங்கும். ராத்திரி அரை மணி நேரம் இவள் கையில் கிடைக்கும். அந்த அரை மணியில் நான் கடகடவென்று பேசிவிட்டுப் போய்விடுகிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே என்பீர்கள். எழுதிக்கொண்டே, ஒரு விரலால் நிறுத்தி, தவறிப்போன இடத்துக்குப் பின்னால் தள்ளி... ஒன்பது வயதுப் பிள்ளை, கீறல் விழுந்த திரை. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை மெதுவாக ஓட்டுகிற பொத்தானும் அந்தப் போனில் இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். "சார், நிறைய ஆப் இருக்கு" என்றார். இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று வீடியோவின் குறுக்கே அதன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டது. இன்னொன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். பிள்ளைகளுக்கு அனுப்புகிற பாடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்தால் என்ன ஆவது?

"அப்ப ஒரு கருப்புத் திரை இருக்கு சார். எழுத்து மட்டும்தான். பயந்துக்க மாட்டீங்களே?"

"நான் கரும்பலகையில முப்பத்து மூணு வருஷம் எழுதுனவன்டா. கருப்பைப் பாத்து எனக்கென்ன பயம்?"

என் தம்பி மகளுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடந்தது. 2011இல் தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத்துக் கூட்டித் தட்டினேன். எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு மென்பொருள். பிரான்ஸ் நாட்டுக்காரரான ஃபப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பொத்தானும் கிடையாது. நாம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும்.

அந்த ஒரு வரியில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று படத்துக்கு, ஒன்று ஓசைக்கு.

படத்துக்கானது செட்பிடிஎஸ். வீடியோ என்பது ஒன்றன் பின் ஒன்றாக வரும் படங்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் "இத்தனையாவது நொடியில் திரைக்கு வா" என்று ஒரு நேரச் சீட்டு ஒட்டியிருக்கும். செட்பிடிஎஸ் அந்தச் சீட்டில் உள்ள எண்ணை மாற்றுகிறது. எல்லாச் சீட்டையும் இரண்டால் பெருக்கினால், பத்தாவது நொடியில் வர வேண்டிய படம் இருபதாவது நொடியில் வரும். அதாவது படம் பாதி வேகத்தில் ஓடும்.

ஓசைக்கானது ஏடெம்போ. அதில் நாம் கொடுப்பது நேரத்தை அல்ல, வேகத்தை. 0.5 என்று கொடுத்தால் பாதி வேகம், 2 என்று கொடுத்தால் இரட்டை வேகம்.

இங்கேதான் வாத்தியார் வழுக்கி விழுந்தார். ஐந்தில் நான்கு பங்கு வேகம் போதும் என்று கணக்குப் போட்டு, இரண்டு இடத்திலும் 0.8 என்று எழுதிவிட்டேன். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரே கூத்து. என் குரல் சாவகாசமாக "ஐந்நூற்று இரண்டிலிருந்து..." என்று கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் கை விடையை எழுதி அடிக்கோடு போட்டு, துடைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. பத்து நிமிஷப் பாடத்தில் படம் எட்டாவது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. குரல் பன்னிரண்டரை நிமிஷம் வரை தனியாகப் பேசுகிறது.

ஏன் என்று யோசித்தேன். யோசித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இது நான் வருஷா வருஷம் நடத்திய எதிர் விகிதம் அல்லவா! பத்து ஆள் ஆறு நாளில் வெட்டுகிற கிணற்றை இருபது ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஆள் கூடினால் நாள் குறையும். அதே மாதிரி வேகம் குறைந்தால் நேரம் கூடும். வேகம் ஐந்தில் நான்கு என்றால் நேரம் நான்கில் ஐந்து. ஓசைக்கு 0.8 என்றால் படத்துக்கு 1.25 என்று கொடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஒன்று வர வேண்டும். வந்தால் வாயும் கையும் சேர்ந்து போகும். வராவிட்டால் மாப்பிள்ளை ஒரு ஊரில், பெண் ஒரு ஊரில்.

நாலு பிள்ளைகளுக்கு எதிர் விகிதத்தை இதை வைத்தே பிறகு சொல்லிக் கொடுத்தேன். கிணறு வெட்டுகிற கணக்கைவிட இது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு விஷயமும் எனக்கு ஆச்சரியம். நம் காலத்தில் டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் என்ன ஆகும்? பாட்டு மெதுவாகும், கூடவே குரலும் கட்டைக் குரலாகி இழுக்கும். வேகத்தையும் குரலையும் பிரிக்க முடியாமல் இருந்தது. படத்திலும் அப்படித்தான். பழைய மௌனப் படக் காட்சிகளில் காந்தியடிகள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் வேகமாக நடப்பவர்தான், ஆனால் அவ்வளவு வேகம் இல்லை. கையால் சுற்றிய அந்தக் காலக் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படம் என்ற கணக்கில் பிடித்தன. பேசும்படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று ஆனது. பதினாறாகப் பிடித்ததை இருபத்து நாலாக ஓட்டினால், மனிதர் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடப்பார். அவர் நடை மாறவில்லை, ஓட்டுகிறவர் கணக்கு மாறிவிட்டது. மகாத்மாவையே ஓட விட்டவர்கள் நாம்.

ஏடெம்போ அப்படிச் செய்வதில்லை. ஓசையை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கி, நாட்டு ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அடுக்குகிறது. ஏற்றத்தைக் குறைத்து அடுக்கினால் அதே ஓடுகள் கூடுதல் தூரம் வரும். கூட்டி அடுக்கினால் கூரை சுருங்கும். ஓடு அதே ஓடுதான். அதனால் குரல் மாறாமல் வேகம் மட்டும் மாறுகிறது. கேட்கிற பிள்ளைக்கு "நம்ம சார்தான், ஆனா நிதானமாப் பேசுறார்" என்று தோன்றும்.

எவ்வளவு குறைப்பது? பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. 0.7 வைத்ததற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள், சார் தூக்கத்துல பேசுற மாதிரி இருக்கு என்று. 0.8 பொருந்தி வந்தது. 26 வீடியோவையும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதில்லை. "இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றுக்கும் இதையே செய்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். பழைய லேப்டாப் அல்லவா, இரண்டு ராத்திரி உழைத்தது. வேகப் பொத்தானுக்கும் இந்தக் கட்டளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பொத்தான் அந்தப் போனில், அந்த நேரத்துக்கு மட்டும். கட்டளை கொடுத்துச் செய்த பிரதி தனிக் கோப்பு. மெமரி கார்டில் போட்டு எந்தப் போனுக்கும் கொடுக்கலாம், நெட் இல்லாமலே பார்க்கலாம். அசல் அப்படியே இருக்கும். புதுக் கோப்புக்கு வேறு பெயர் கொடுக்க மறக்காதீர்கள். அதே பெயரில் ஏற்கெனவே வேறு கோப்பு இருந்தால், அதன் மேல் எழுதவா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டால் பழையது போய்விடும்.

கதை இத்தோடு முடியவில்லை.

மெதுவான பிரதி போன பிறகு நாலைந்து நாளில் அந்தப் பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து கழித்தலில் மூன்று சரி. நடுவில் பூஜ்யம் வருகிற இரண்டு கணக்கும் தப்பு. 502இல் 178 போனால் என்ன என்கிற மாதிரிக் கணக்குகள். பூஜ்யத்திடம் கடன் கேட்டால் அது பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கித் தர வேண்டும். பெரியவர்களுக்கே குழப்பம். வீடியோவில் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். சொல்லை இழுத்திருக்கிறது, ஆனால் யோசிக்க இடம் விடவில்லை. ஒரு வாக்கியம் முடிந்ததும் நான் மூச்சுகூட விடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கிறேன். இல்லாத இடைவெளியை எந்த மென்பொருளும் நீட்ட முடியாது. இழுத்துப் பேசுவது வேறு, நிறுத்திப் பேசுவது வேறு.

26இல் ஒன்பது பாடத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை, கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணினேன். அந்தப் பத்து எண்ணுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கேள்விக்குப் பின்னால் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதே இல்லை.

அந்தப் பிள்ளையின் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். 96, 97 வாக்கில் நாலாம் வகுப்பு. கடைசி வரிசை. ஒரு நாள் சாயங்காலம் மெமரி கார்டு வாங்க வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, போனில் பாடத்தைப் போட்டு, அந்தப் பூஜ்யக் கணக்கை முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாப் புரியுது சார். எங்களுக்கும் அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல சார்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இதே கணக்கு. "சார், இன்னொரு தடவை" என்று அவர் எழுந்து நின்றார். "எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு, உனக்கு மட்டும் என்ன? உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் சந்தேகம் கேட்டதே இல்லை. ஐந்தாவதோடு படிப்பும் நின்றது. ஒரு கழித்தல் கணக்கால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கஷ்டமும் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் தனக்கான இடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியதில் என் பங்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நான் ஏன் ஓடினேன்? சிலபஸ் முடிக்க வேண்டும். அதிகாரி வந்தால் "எத்தனை பாடம் முடித்தீர்கள்?" என்றுதான் கேட்பார். ஆனால் அது மட்டும் இல்லை. முன் வரிசையில் நாலு கெட்டிக்காரப் பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொல்லும்போது, நானே நல்ல வாத்தியார் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சுகம்தான் காரணம்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் வந்தது உங்களில் இளையவர்களுக்கு நினைவிருக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. ரிஷிவேலிப் பள்ளியில் பிறந்த முறை. சுவரில் ஏணி வரைந்த அட்டவணை, தட்டுகளில் அட்டைகள், கம்பிப் பந்தல், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணிப்படியில் தன் வேகத்தில் ஏறும். லீவு போட்டாலும் விட்ட படியிலிருந்து தொடரலாம். நான் அதை எதிர்த்தவர்களில் ஒருவன். "இது என்ன வகுப்பா, சந்தையா?" என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்தேன். அந்த முறையிலும் குறைகள் இருந்தன, இல்லாமல் இல்லை. ஆனால் அதன் அடிப்படையில் ஒரு நியாயம் இருந்தது: வேகம் பிள்ளையுடையது, வாத்தியாருடையது இல்லை. அது எனக்குப் புரியப் பரணில் கிடந்த லேப்டாப் தேவைப்பட்டது. 0.8 என்று தட்டியபோதுதான் புரிந்தது.

சரி, எதிர்ப் பேச்சையும் பேச வேண்டும். ஒருதலைப் பட்சமாகச் சொன்னால் நீங்களே கேட்பீர்கள்.

"சார், வேகமாகப் பார்த்தாலும் புரியுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு" என்று என் பேரன் சொன்னான். உண்மைதான். 2021இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் பாடம் பார்த்தும் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அதற்கு மேல் போனபோதுதான் புரிதல் குறைந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள். ரோமப் பேரரசு போல உட்கார்ந்து கேட்கிற பாடம். கேட்ட பிறகு விடை எழுதினார்கள், கேட்கும்போதே கையால் எதையும் செய்யவில்லை. கழித்தல் பழகுகிற நாலாம் வகுப்புப் பிள்ளைக்கோ, இயற்கணிதம் பழகுகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கோ அதைப் பொருத்த முடியாது. தெரிந்த பாதையில் பைக்கை விரட்டலாம். போடி மெட்டு வளைவில் முதல் முறை ஏறுகிறவனை விரட்டச் சொல்வீர்களா?

டிஎன்பிஎஸ்சி, டெட் என்று படிக்கிற என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்க ஒன்றரை மடங்கு வையுங்கள், தப்பே இல்லை. நானே செய்திகளை அப்படித்தான் கேட்கிறேன். புதிதாகக் கற்கும்போது மட்டும் வேண்டாம்.

மெதுவாகச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று பெரிய நிறுவனங்கள் நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அகில இந்திய வானொலி தில்லியிலிருந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் மெதுவேகச் செய்தி என்றே தனியாக வாசித்தது. கேட்கிறவர் கையால் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிதானமாக. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று தொடங்கியது. ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் குறைந்த சொற்களில், குறைந்த வேகத்தில். யாரும் கேவலமாக நினைக்கவில்லை.

இப்போது நம் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். 2021இல் குரல் பதிவுக்கு வேகப் பொத்தான் கொடுத்தார்கள். ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஒன்றுக்குக் கீழே எதுவும் இல்லை. உலகத்தில் மெதுவாகக் கேட்க வேண்டியவர் யாருமே இல்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் போல. காது மந்தமான உங்கள் பாட்டி இருக்கிறார். தமிழ் புதிதாகப் பழகுகிற வெளிநாட்டுப் பேரப்பிள்ளை இருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளை இருக்கிறது. பொத்தான் செய்கிறவர்கள் முன் வரிசைக்காரர்கள் போலும். அன்றைக்கு என் வகுப்பில் நான் நடந்துகொண்ட மாதிரியே.

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பெற்றோருக்கு. பிள்ளை வீடியோ பார்த்து முடித்ததும் "எத்தனை முடிச்ச?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்துல நிறுத்துன?" என்று கேளுங்கள். எங்கேயும் நிறுத்தவில்லை என்றால், ஒன்று அது ஏற்கெனவே தெரிந்த பாடம், அல்லது பாடம் தன் பாட்டுக்கு ஓடிவிட்டது.

இரண்டு, உங்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு. ஆண்டவன் புண்ணியத்தில் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். நீங்கள் பாடம் எடுத்து அனுப்பினால் இரண்டு பிரதியாக அனுப்புங்கள். ஒன்று உங்கள் வேகம், ஒன்று ஐந்தில் நான்கு. மெதுவானதற்கு "மெதுவாகக் கற்போருக்கு" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரைப் பார்த்தாலே எந்தப் பிள்ளையும் தொடாது. "நிதானப் பிரதி" என்று வையுங்கள், போதும். நடுவில் பத்து எண்ண மறக்காதீர்கள்.

மூன்று, கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த ஒரு வரிக் கட்டளை வேண்டும் என்பவர்கள் எனக்கு எழுதுங்கள், அப்படியே அனுப்புகிறேன். ஓசைக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண், பெருக்கினால் ஒன்று. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்திருந்தால் இது உங்களுக்கு வரும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து என் வேகத்துக்கு ஓட முடியாமல் போனவர்களும் இதைப் படிக்கலாம். யாராவது வாசித்துக் காட்டலாம். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் புரியாமல் போகவில்லை, நான் நிற்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன், நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.

சின்னமனூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. வேகத்தை ஒன்றில் வை. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பார். உனக்கும் சில இடம் புரியாது, எனக்குத் தெரியும். அப்போது நிறுத்து.

அன்புடன்,
உங்கள் நாலாம் வகுப்பு வாத்தியார்,
பொட்டிப்புரம்.